பதினாறடித் தடம்

முப்பத்திரண்டு வருடம் வாத்தியாரம்மாவாக இருந்தேன். அத்தனை வருடமும் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியது ஒன்றே ஒன்றுதான்: கேள்வியை இரண்டு தடவை படி, அப்புறம் பேனாவைத் திற. அப்படிக் கத்திய நான், பழனிப் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில், ஏழு பக்கப் பத்திரத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏழு பக்கத்துக்கும் போட்டேன். பெருவிரல் ரேகையும் வைத்தேன். கண் தெரியாமல் இல்லை, எழுத்துத் தெரியாமல் இல்லை. பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டியவன் என் தம்பி. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை அவன் முன்னால் உட்கார்ந்து படிக்கமாட்டோம். படித்தால், நீ திருடன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சொத்தில் பங்கு வேண்டாம் என்று பெண்கள் எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் இருக்கிறதே, அதற்கும் இதே கதைதான். "எங்க சாமி போடோணும்?" என்று கேட்பார்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். எம்.ஏ. படித்தவளும் கேட்கமாட்டாள். கேட்டுவிட்டால் அடுத்த பொங்கலுக்குப் பிறந்தவீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? இந்தக் கிறுக்குத்தனத்தைப் பெருமை என்று நினைத்துக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருத்தி.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். வாரியத்தில் வேலை. வாரியம் என்றால், விவசாயிகளின் விளைபொருளுக்குச் சந்தை அமைத்துக் கொடுக்கவென்று சட்டம் போட்டு உண்டாக்கிய அரசு அமைப்பு. அதன் முழுப்பெயரை எழுதி வம்பை விலைக்கு வாங்க எனக்கு இஷ்டமில்லை. ஊரில் எல்லாரும் வாரியம் என்றுதான் சொல்வோம். திண்டுக்கல்லில் இருக்கிற அதன் அலுவலகத்தில் அவன் சூப்பிரண்டு. மேசை, சுழல் நாற்காலி, கையெழுத்துப் போடப் பச்சை மைப் பேனா எல்லாம் உண்டு. அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கர்வமாக இருக்கும்.

அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சேலையின் ஒரு முனையை அவனிடமும் இன்னொரு முனையை அவளிடமும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்துவிட்டாள் என்பதற்காகக் கூடப்பிறந்தவளைக் கைவிடமாட்டேன் என்று ஊர் பார்க்க ஒப்புக்கொள்கிற சீர் அது. சேலையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுதேன். அவனும் மூக்கை உறிஞ்சினான். வீடியோவில் இருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம்.

அப்பா சாவதற்கு முன் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து எழுதினார். நெய்க்காரப்பட்டிப் பக்கத்து வயல் அவனுக்கு. தொப்பம்பட்டிப் பக்கத்து நாலு ஏக்கர் எனக்கு. பெண்ணுக்கு நகை போட்டு அனுப்புவதோடு சரி என்றிருக்கிற ஊரில் அப்பா செய்தது பெரிய காரியம். யாரிடமும் கேட்காமல் செய்தார். தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவன் பங்கை நாலு வருடத்தில் விற்றுத் திண்டுக்கல்லில் வீடு கட்டினான். அவன் பேசாமல் இருந்ததை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

என் நாலு ஏக்கர் இப்படி: ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கருவேல முள். அதற்குப் பின்னால் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, கிணற்றோடு. வீட்டுக்காரர் போனபிறகு, பென்ஷன் போக எனக்கு இருப்பது அந்தத் தோப்புதான். மேட்டுக்காட்டின் நடுவே ஒரு வண்டித் தடம் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போகும். காய் ஏற்ற வரும் லாரிக்கு அது ஒன்றுதான் வழி. எனக்குக் கிழக்கே இருக்கிற காடும் தோப்பும் தம்பியின் மாமனாருடையவை. அந்தப் பக்கத்து வீட்டில்தான் அவன் பெண் எடுத்திருந்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபடி பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, ரோட்டோரம் சும்மா கெடக்கற ஒன்றரை ஏக்கராவ வாரியத்துக்குத் தானமாக் குடுத்தீங்கன்னா, இங்கயே ஏலக்களம் வந்துருமுங்க்கா. கெடங்கு, எடைமேடை, காய வெக்கறதுக்குச் சிமெண்டுக் களம், அத்தனையும். நம்மூர்க்காரங்க ஒட்டஞ்சத்தரத்துக்கும் பழனிக்கும் வண்டி புடிச்சுப் போயி கமிசன்காரன்கிட்ட கையக் கட்டிட்டு நிக்கத் தேவையில்லீங்க்கா."

"ஏப்பா, சும்மாவே குடுக்கச் சொல்றயா?"

"எங்க மாமனாரும் அவருதுல ஒரு ஏக்கரா தர்றாருங்க்கா. வாசல்ல அப்பா பேரு போட்டுக் கல்லு வெக்கச் சொல்லி நானே எழுதி வாங்கறேன்."

அப்பா பெயரைச் சொன்னதும் எனக்குப் பாதி மனசு இளகிவிட்டது. மீதிப் பாதி கமிஷன் மண்டியில் நான் பட்ட அவமானத்தால் இளகியது. சோளத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால், சாம்பிள் என்று இரண்டு கை அள்ளித் தன் சாக்கில் போட்டுக்கொண்டு, "ஈரம் அதிகமுங்க டீச்சர்" என்பான் மண்டிக்காரன். அவனும் என் மாணவன்தான். என் காட்டில் ஒரு ஏலக்களம் வந்து அந்த ஆளின் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை வந்தது.

"குடுக்கறேன். ஆனா ஒண்ணு, கண்ணு. தோப்புக்குப் போற தடத்த மட்டும் பத்திரத்துல எழுதீரு. தடமில்லாத தோப்ப வெச்சு நான் என்ன பண்றது?"

அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தான்.

"அங்கதானுங்க்கா சிக்கல். வாரியத்துக்குத் தானமா எழுதுற பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை கெடையாது. அரசாங்கமே விலக்கு குடுத்திருக்குது. ஆனா, எனக்குத் தடம் வேணும், தண்ணி வேணும்னு நிபந்தனை போட்டீங்கன்னா அது தானம் ஆகாது. விலக்கு போயிரும். தீர்வை முழுசும் உங்க தலைல விழுகும். பைலு திரும்பச் சென்னைக்குப் போயிட்டு வர ரெண்டு வருசம் ஆகும்."

"அப்ப தடம்?"

"அக்கா, அந்தக் களத்துக்கே நாந்தானுங்க்கா மேலாளு. நான் இருக்கறப்ப உங்க தடத்த எவன் அடைப்பான்?"

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தானம் கொடுக்கிறவள் தடம் தடம் என்று பிச்சைக்காரி மாதிரி கேட்கிறோமே என்று கூசினேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

பதிவு அன்றைக்கு அவன் மாமனாரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. எழுத்தர் இரண்டு பத்திரத்தையும் தயாராக வைத்திருந்தார். ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள், அடுத்து அவரை. என் பத்திரம் ஏழு பக்கம். அவருடையது கொஞ்சம் தடியாக இருந்ததாக ஞாபகம். ஒரு ஏக்கருக்கு எதற்கு அத்தனை பக்கம் என்று அப்போது தோன்றவில்லை. எல்லாம் முடிந்ததும் தம்பி எங்கள் இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கித் தந்தான். தோப்புக்காரிக்கு இளநீர் வாங்கித் தருகிறாயா என்று நான் கிண்டல் செய்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

களம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நல்ல களம்தான். கிடங்கு, மின்னணுத் தராசு, கோவிலுக்குப் போட்ட மாதிரி வழவழப்பாகச் சிமெண்டுத் தரை. முதல் ஏலத்தன்று சோளம் மலையாகக் கிடந்தது. வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட, அதை எல்லார் முன்னாலும் பிரித்துப் படித்தார்கள். அப்பா பெயர் போட்ட கல்லுக்கு நான் போய் மாலை போட்டேன். என் பழைய மாணவன் அந்த மண்டிக்காரன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடடா, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்!

இரண்டு வருடம் என் காய் லாரி களத்து வாசல் வழியே நுழைந்து, களத்தைத் தாண்டி, தோப்புக்குப் போய் வந்தது. வாட்ச்மேன் எழுந்து வணக்கம் சொல்வார். ஒருநாள் எழுந்து கையை நீட்டினார்.

"சீட்டுங்க டீச்சர்."

"என்ன சீட்டு?"

"தேங்காயும் வாரியத்துச் சரக்கு அட்டவணையில வந்துருச்சுங்க. களத்துக்குள்ள நொழையற, வெளிய போற எந்தச் சரக்குக்கும் சீட்டு வேணுமுங்க. இல்லாட்டி வண்டிய நிறுத்தி வெக்கற அதிகாரம் இருக்குதுன்னு சொல்லீட்டாங்க."

என் தோப்பில் காய்த்து, நான் கொடுத்த நிலத்தின் மேல் உருளுகிற என் தேங்காய்க்குச் சீட்டு! அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டேன். "சட்டம் அப்படித்தானுங்க்கா, சீட்டு வாங்கிக்குங்க, அதுக்கொண்ணும் காசில்ல" என்றான். காசுக்கா கேட்டேன்? பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்குப் போகச் சீட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வெட்டுக்கும் களத்து ஆபீஸின் கண்ணாடிக் கதவுக்கு முன் நின்று சீட்டு வாங்கினேன். வாங்கிப் பழகியும் போனேன். தடம் இருக்கிறதே, அது போதும் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊராட்சிக்காரர்கள் களத்துக் கட்டடங்களுக்கு வரி கேட்டு நோட்டீஸ் விட்டார்கள். வாரியம் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டது: எங்கள் சொத்துக்கு உள்ளூர் வரி கிடையாது, சட்டத்திலேயே விலக்கு. ஊராட்சித் தலைவி என் வீட்டுக்கு வந்து புலம்பினார். "தெருவிளக்கு நாங்க போடோணும், சாக்கடை நாங்க அள்ளோணும், தண்ணி நாங்க உடோணும், வரி மட்டும் இல்லீங்களாமா டீச்சர். இத்துனூண்டு ஓட்டு வீட்டுக்காரன் கட்டறான்!" அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் தம்பி வேலை செய்கிற இடம் என்பதால் நான் வாரியத்துக்குப் பரிந்து பேசினேன். விவசாயிக்காகச் செய்கிறார்கள், வரியெல்லாம் கேட்கலாமா என்றேன். வாய்க்கொழுப்பு!

ஊராட்சி விடவில்லை. மேலே எழுதிப் போட்டது. எந்த இடத்தை வாரியம் தன் சொந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறதோ அதற்குத்தான் விலக்கு. தனியார் வண்டி போய்வருகிற தடம் உள்ளே இருக்கும்போது விலக்கு எப்படிச் செல்லும் என்று கேட்டது. தணிக்கைக்கு வந்தவர்களும் அதையே குறித்துவிட்டுப் போனார்கள். தனியார் வண்டி என்றால் யார்? நான்தான். வரிவிலக்கைக் காப்பாற்ற வாரியத்துக்கு ஒரே வழி இருந்தது. போன ஆனி மாதம் ஹாலோபிளாக் கல் வந்து இறங்கியது.

களத்தின் பின்பக்கம், என் தோப்பின் எல்லை நெடுகச் சுவர். ஓடிப்போய்க் கொத்தனாரின் முன்னால் நின்றேன். அவர் பாவம், "ஆபீசுல சொல்லுங்கம்மா" என்றார். ஆபீஸில் இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பத்திர நகலைக் காட்டினார். "மேடம், இதுல தடம்னு ஒரு வார்த்தை இல்லீங்களே. நிபந்தனையில்லாத தானம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." என் கையெழுத்தேதான். ஏழு பக்கத்திலும் அழகாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டால் மீட்டிங் என்றான். மறுநாள் இன்ஸ்பெக்ஷன். மூன்றாம் நாள் எடுத்து, "தணிக்கை ஆட்சேபணைங்க்கா, என் கைல இல்ல, நானே தலையக் குடுக்க முடியுமா?" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. நானும் நம்பி, அவன் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று போனை வைத்தேன். அன்றைக்குக்கூட அவனுக்காகத்தான் கவலைப்பட்டேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சுவர் எழும்பியபின் தோப்பு தீவாகிவிட்டது. மேற்கே ஓடை, வடக்கே இன்னொருவரின் சொட்டுநீர்க் காய்கறித் தோட்டம், கிழக்கே தம்பியின் மாமனார் தோப்பு, தெற்கே சுவர். மரமேறிகள் ஓடைக்குள் இறங்கி வந்து காய் வெட்டினார்கள். வெட்டிய காயைத் தலைச்சுமையாக ஓடையைத் தாண்டிக் கொண்டுவர ஆள் கிடைக்கவில்லை. வருடக்கணக்காக வாங்கிய தேங்காய் வியாபாரி ஒருநாள் வந்து பார்த்து, "லாரி வராத தோப்புல நான் எப்படிங்கம்மா காய் எடுக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். குவித்த காய் குவியலிலேயே குருத்து விட்டது. கிழவி ஒருத்தி தினமும் ஓடையில் இறங்கி ஏறி, முளைத்த தேங்காய்களைப் பார்த்துவிட்டு வருவாள். அந்தக் கிழவி நான்தான்.

அப்போது தம்பி வீட்டுக்கு வந்தான். பழம், பூ, அல்வா எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தான்.

"எதுக்குங்க்கா இந்த வயசுல ஓடைல எறங்கி ஏறிட்டு? வித்துருங்க. தடமில்லாத தோப்ப வெளியாளு எவனும் கேக்கமாட்டான். எங்க மாமனாரு வேணா வாங்கிக்கறேங்கறாரு. அவரு தோப்போட சேந்த மாதிரி இருக்குது. நான் பேசி விடறனுங்க்கா."

யோசிக்கிறேன் என்றேன். சத்தியமாக யோசிக்கவும் செய்தேன். அவன் போனபிறகு ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள் குடைந்தது. புதுச் சுவர் கிழக்கே மாமனார் நிலத்தின் கடைசி எல்லை வரை போகவில்லை. அதற்கு முன்னாலேயே திரும்பி, ரோட்டைப் பார்த்து நேராக வந்துவிட்டது. சுவருக்கும் அந்தப்பக்க வேலிக்கும் நடுவே ஒரு லாரி போகிற அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. சாக்கடைக்கு விட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதில் லாரி டயர் தடம் பதிந்திருந்தது.

திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் கணவர் வக்கீல். பேகம்பூரில் வீட்டு முன்னறையிலேயே அலுவலகம். வெளியே ஆட்டோ சத்தம், உள்ளே கட்டுக்கட்டாகக் கேஸ் கட்டுகள். என் பத்திரத்தை அவர் படித்து முடிக்கும்வரை அவர் மனைவி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

"ஏம்மா, ஊருக்கே பாடம் சொல்லிக் குடுத்தவுக நீங்க. இதப் படிக்காமயா கையெழுத்துப் போட்டீக?"

"தம்பி கொண்டாந்த பத்திரமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பத்திரத்தை மடித்து வைத்தார். சட்டத்தை விளக்கினார். வாரியத்தின் மேல் சும்மா போய் வழக்குப் போட முடியாது. இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்லிவிட்டால் அவர்களைத் தனியாகப் பிடிக்கவும் முடியாது. "ஆனா வேற வழியே இல்லாத நெலத்துக்கு அவசியப் பாதைன்னு ஒரு உரிமை இருக்கும்மா. கேஸ் நிக்கும். என்ன, வருசக்கணக்கா இழுக்கும்."

"நிபந்தனை எழுதியிருந்தா தீர்வை விலக்கு போயிருக்குமுங்களா?"

"எவன் சொன்னான்?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அன்னிக்கே பக்கத்து நெலமும் குடுத்தாகன்னு சொன்னீகள்ல? அந்தப் பத்திரத்துக்கு ஒரு நகல் மனுப் போடுங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்" என்றார்.

மனுப் போட்டேன். நகல் வந்த அன்றைக்கு சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே, வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

என் பத்திரத்துக்கு அடுத்த எண். அதே எழுத்தர், அதே தேதி, அதே வாரியம். தீர்வை விலக்கு என்று அதே முத்திரை குத்தியிருந்தது. நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: கிழக்கு ஓரமாகப் பதினாறடி அகலமுள்ள வண்டித் தடத்தைத் தானத்தில் சேர்க்காமல், ரோட்டிலிருந்து என் தோப்புக்குப் போய்வர, நானும் என் வாரிசுகளும் என்னிடம் கிரயம் பெறுவோரும் என்றென்றைக்கும் பாத்தியப்பட்டு அனுபவித்துக்கொள்ள நிறுத்தி வைத்துக்கொள்கிறேன். என்றென்றைக்கும்! அந்தப் பதினாறடி வாரியத்துக்குப் போகவே இல்லை. போகாததால் தணிக்கையும் கேட்காது, வரிவிலக்கும் கெடாது, சுவரும் வராது. ஒரு தீர்வையும் தலையில் விழவில்லை. ஒரு பைலும் சென்னைக்குப் போகவில்லை.

கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இரண்டு பேர். முதல் சாட்சி என் தம்பி. அவன் கையெழுத்தின் கடைசியில் வால் மாதிரி ஒரு கோடு இழுப்பான். அந்த வால் அப்படியே இருந்தது.

பத்திரம் பதிய வந்த ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்கம்மா" என்றாள். அழுதிருக்கிறேன் போல. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். வேலைக்குப் பயந்தான், சட்டத்துக்குக் கட்டுப்பட்டான் என்றெல்லாம் அவனுக்காக நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன் அல்லவா? ஒன்றுகூட மிச்சமில்லை. என் சோற்றைத் தின்றபடி சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய். எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே நாளில் மாமனாருக்குத் தடம் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

வக்கீல் நோட்டீஸ் தயார் செய்தார். வாரியத்துக்கு ஒன்று, பதிவுத் தபாலில். தம்பிக்கு ஒன்று, தனியாக. பொய் சொல்லி என்னைக் கையெழுத்துப் போட வைத்தான் என்று அதில் இருந்தது. "தபால்லயே அனுப்பிரலாமா?" என்று கேட்டார். நான் நேரிலேயே கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அப்ப நகல்ல, பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து வாங்கிருங்கம்மா" என்றார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அவனே வந்தான். கிரய ஒப்பந்தத்தைத் தயாராக எடுத்து வந்திருந்தான். காபி கொடுத்தேன்.

"மாமனாரு தயாரா இருக்கறாருங்க்கா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"உங்க மாமனாருக்குப் பதினாறடி எழுதி வெச்சயே சாமி. எனக்கு ஒரு ரெண்டடி எழுதியிருக்கக் கூடாதா?"

காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. முகம் ஒரு நிமிடம் செத்துப்போனது. இல்லை என்று சொல்வான், சத்தியம் செய்வான், காலில் விழுவான், என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அது எங்கப்பா தோப்புங்க்கா. அடுத்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனவங்களுக்கு அதை எழுதுனாரு. நான் வாயத் தொறந்தனா?"

"உங்கப்பாவா? எனக்கு யாருடா அப்பா?"

இருபது வருடமாக வாயைத் திறக்காமல் இதைத்தான் உள்ளே வைத்திருந்திருக்கிறான். சேலை முனையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியவன், அப்பா எழுதிய நாளிலிருந்து என்னைப் பங்காளியாகத்தான் பார்த்திருக்கிறான். அதை முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருந்தால்கூட, ஒருவேளை பாதித் தோப்பை நானே கொடுத்திருப்பேன். அப்படிப்பட்ட முட்டாள்தான் நான்.

அவன் கொண்டுவந்த ஒப்பந்தத்தைத் தொடாமல் அவன் பக்கமே தள்ளினேன். அலமாரியிலிருந்து வக்கீல் கொடுத்த உறையை எடுத்து அவனிடம் நீட்டினேன். நகலையும் பேனாவையும் மேசைமேல் வைத்தேன்.

"என்னதுங்க்கா இது?"

"தோப்புச் சமாச்சாரம். வாங்கிக்கிட்டேன்னு நகல்ல ஒரு கையெழுத்துப் போடு. அக்காதான குடுக்கறேன், போடு."

அவன் பேனாவைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். உறையைப் பிரித்தான். என் முன்னால், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். அப்புறம் நகலை எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை படித்தான்.